ஓட்டோ ஜீப்புல கரவன் இழுக்கக்குள்ள ஓவர்டிரைவ எப்ப போடணும், எப்ப எடுக்கணும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓடுறவங்களுக்கு முழு வழிகாட்டி

ஓட்டோ கியர் ஜீப்புக்குப் பின்னால கரவன் (சில்லு பூட்டின தங்குற வண்டி), போட் ஏத்தின ட்ரெயிலர், இல்லாட்டி அறுகம்பைக்குக் கொண்டு போற சாப்பாட்டுக்கடைப் பெட்டி, எதக் கொழுவினாலும் கேள்வி ஒண்டுதான் வருது: அந்த ஓ/டி (ஓவர்டிரைவ், எஞ்சினக் குறைச்சுச் சுத்த விடுற மேல் கியர்) பட்டன அமத்தணுமா வேணாமா? ஒருத்தர் எப்பவும் ஓஃப்ல வை எண்டுவார், மற்றவர் கம்பனிக்காரன் போட்டுத் தந்தத ஏன் தொடுறாய் எண்டுவார். ரெண்டும் அரைவாசிதான் சரி.

ஓவர்டிரைவால மட்டும் கியர்பொக்ஸ் கெடுறதில்ல. பாரத்தோட ஓடக்குள்ள அதுக்கு ஏறி, தாங்காம விழுந்து, திரும்ப ஏறி, திரும்ப விழுந்து ஓடுறதுதான் கியர்பொக்ஸ முடிக்கிறது. அதால முன்னால கிடக்கிற ரோட்டப் பார்த்து பட்டன முதல்லயே அமத்தணும், வண்டி திணறினதுக்குப் பிறகு இல்ல. கீழ இருக்கிற ஒழுங்க மாத்தாதீங்க, 1 முதல் 4 வரைக்கும் உள்ள பகுதிகள் பயணம் வெளிக்கிட முதலே முடிக்க வேண்டிய வேலை.

1. உங்கட ஜீப்புல ஓவர்டிரைவ் எந்தக் கியர் எண்டு கண்டுபிடிங்க

பிராடோ 90, ஹைலக்ஸ் சேர்ஃப், 90கள்ல வந்த பஜேரோ, மொன்டேரோ, இதெல்லாம் பெரும்பாலும் 4 கியர் ஓட்டோ. கியர் லிவர்ட பக்கத்துல சின்னப் பட்டன் இருக்கும். இதுகள்ல 3வது நேரடிக் கியர், கியர்பொக்ஸுக்குள்ள எஞ்சின் ஒரு சுத்து போனா வெளிய ஷாஃப்டும் ஒரு சுத்துப் போகும். 4வதுதான் ஓவர்டிரைவ், விகிதம் 0.7க்கும் 0.75க்கும் இடையில. அதாவது அதே ஸ்பீட்டுக்கு எஞ்சின் கால்வாசிக்கு மேல குறைச்சுச் சுத்தும், அந்தளவுக்கு சில்லுக்குப் போற இழுவையும் குறையும்.

5 கியர் ஓட்டோவில 4வது நேரடி, 5வது ஓவர்டிரைவ். பிராடோ 120ல லிவர 'டி'யில இருந்து '4'க்கு எடுத்தா 5வது பூட்டுப்படும். 6 கியர் பிராடோ 150ல 4வது நேரடி, 5ம் 6ம் ரெண்டுமே ஓவர்டிரைவ், அதுக்குப் பட்டனே இல்ல, லிவர 'எஸ்' பக்கம் தள்ளி எஸ்4 எண்டு காட்டுற வரைக்கும் கொண்டு வரணும். அந்த 4 எண்டுறது 4க்கு மேல போகாத எண்டு எல்லை கட்டுறது மட்டும்தான், தேவைப்பட்டா 3க்கும் 2க்கும் அது தானா இறங்கும், அதப் பார்த்துப் பயப்பட வேணாம்.

புதுசா ஓட்டுறவங்க தடுமாறுற முதல் இடம் டேஷ்போர்ட் லைட். 'ஓ/டி ஓஃப்' எண்டு லைட் பத்தினா ஓவர்டிரைவ் பூட்டிக் கிடக்கு, லைட் இல்லாட்டி ஓவர்டிரைவ் வேலை செய்யுது. கனபேர் லைட் பத்துறதப் பார்த்திட்டு ஓவர்டிரைவ் ஓன் ஆகிட்டு எண்டு நினைச்சு மலையில லைட்ட அணைச்சும் சமரோட்டுல பத்த வச்சும் நேரெதிரா ஓட்டிட்டு வந்து, 'இழுவையே இல்ல' எண்டு சொல்லுவாங்க. இன்னொண்டையும் பாருங்க, சில வண்டியில சாவிய ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா ஓவர்டிரைவ் தானா திரும்ப ஓன் ஆகிரும், சிலதுல விட்ட மாதிரியே நிக்கும். தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டி வெளிக்கிட்ட உடன கட்டாயம் லைட்டப் பார்க்கணும் எண்டுறது இதாலதான்.

'பி.டபிள்யூ.ஆர்.' எண்டு ஒரு சுவிட்ச் இருந்தா பாரம் இழுக்கக்குள்ள அமத்தி வைக்கலாம், கியர் கொஞ்சம் பிந்தி மாறும். ஆனா அது ஓவர்டிரைவ பூட்டாது. ரெண்டும் வேற வேற.

2. என்ன நடக்குது எண்டத ஒருக்கா விளங்கிக் கொள்ளுங்க

இத விளங்கினா மிச்சத்த மனப்பாடம் பண்ணத் தேவையில்ல.

எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவுல டோர்க் கன்வேர்ட்டர் இருக்கு. அதுக்குள்ள ஒயில்தான் சக்திய ஒரு பக்கத்தால வாங்கி மற்றப் பக்கம் குடுக்குது. இந்தக் கைமாத்துல எப்பவும் கொஞ்சம் வழுக்கும், வழுக்குற ஒவ்வொரு துளியும் சூடா மாறும். சமரோட்டுல ஒரே ஸ்பீட்டுல போகக்குள்ள உள்ளுக்குள்ள ஒரு கிளச் பிடிச்சு ரெண்டு பக்கத்தயும் ஒண்டாப் பூட்டிரும், அதுதான் லொக்கப். பூட்டினா வழுக்கலும் இல்ல, சூடும் இல்ல.

பாரத்தோட ஓவர்டிரைவ்ல போகக்குள்ள சின்ன ஏத்தம் வந்தாலே லொக்கப் விடுபடும், மறுகா கியர் விழும், ஸ்பீட் ஏறினதும் திரும்ப ஓவர்டிரைவ், திரும்ப லொக்கப், அடுத்த மேட்டுல திரும்ப விழும். ஒவ்வொரு மாத்தத்துலயும் உள்ளுக்க கிளச் தட்டுகள் உரசுது, கன்வேர்ட்டர் வழுக்குது, ஒயில் சூடேறுது. கியர்பொக்ஸ் ஒயில் சாதாரணமா 80, 90 டிகிரி பக்கத்துல நிக்கும். 120ஐத் தாண்டினா ஒயில் கெதியாப் பழுதாகத் தொடங்கும், ரப்பர் சீல் எல்லாம் இறுகும்.

லொக்கப் பிடிச்சிருக்கா இல்லையா எண்டு நீங்களே பார்க்கலாம். சமரோட்டுல 60, 65ல போகக்குள்ள ஆர்.பி.எம். முள்ளக் கவனிங்க, கியர் மாறின குலுக்கல் இல்லாமலே முள் 200, 300 கீழ விழுந்தா அதுதான் லொக்கப். இப்ப அக்சிலேட்டர விடாம இடக்காலால பிறேக்க வெறுமனே தொட்டுப் பாருங்க, பிறேக் லைட் பத்துற அளவு போதும். முள் உடன மேல எழும்பும், காலை எடுத்துக் கொஞ்சத்துல திரும்ப விழும். ஜீப் மட்டும் இருக்கக்குள்ள, பின்னால ஒருத்தரும் வராத ரோட்டுல இதச் செஞ்சு கண்ணுக்குப் பழக்குங்க. கரவன் கொழுவினதுக்குப் பிறகு அந்த முள் எவ்வளவு நேரம் கீழ நிக்குது எண்டதுதான் உங்களுக்கு வழிகாட்டி.

இன்னொரு விஷயம் எஞ்சின் பக்கம். பழைய டர்போ டீசல் எஞ்சின்களுக்கு முழு இழுவை வாறது 2000 ஆர்.பி.எம். பக்கத்துல. வழமையான டயரும் 4.1 விகித டிஃபரென்ஷலும் உள்ள பிராடோவ எடுங்க, 60 கிலோமீட்டர்ல ஓவர்டிரைவ்ல 1300 பக்கத்துல சுத்தும், ஓ/டி ஓஃப் பண்ணினா 1700க்கு வரும். 1300ல பாரத்த இழுக்கச் சொன்னா காலை அமத்த அமத்த கறுப்புப் புகைதான் வரும், டீசல் உள்ளுக்குப் போகுது, வேலை நடக்கல்ல. 'ஓஃப் பண்ணினா எஞ்சின் கத்துது, டீசல் குடிக்கும்' எண்டு சொல்றவங்க ஜீப் மட்டும் ஓடுற கணக்கச் சொல்றாங்க. பாரத்தோட அந்தக் கணக்கு சரிவராது.

3. பாரத்த நிறுங்க, மூக்குப் பாரத்தப் பாருங்க

கரவன்ட நிறைய கண்ணால மதிக்கவே ஏலாது. நெல்லு ஏத்துற ஊர்தானே நம்மட ஊர், லொறி நிறுக்கிற தராசு வச்சிருக்கிற அரிசி மில் சம்மாந்துறை, அம்பாறைப் பக்கம் தேடினாக் கிடைக்கும். கேட்டா ஒருக்கா ஏத்தி நிறுத்துத் தருவாங்க. ஜீப்பயும் கரவனயும் சேர்த்து ஒருக்கா, ஜீப்ப மட்டும் ஒருக்கா, கழிச்சா வாறது கரவன்.

நிறுக்கக்குள்ள பயணத்துக்குப் போற மாதிரி எல்லாம் ஏத்தி இருக்கணும். 100 லீட்டர் தண்ணித் தாங்கி நிரம்பினா 100 கிலோ. காஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர் எல்லாத்தயும் விட்டுட்டு நிறுத்தா அது வேற கரவன். போய்ச் சேர்ற இடத்துல தண்ணி கிடைக்கும் எண்டா தாங்கிய வெறுமையா கொண்டு போங்க, அரைவாசி நிரம்பின தாங்கி இன்னும் மோசம், உள்ளுக்க தண்ணி அலை அடிச்சுப் பாரம் முன்னும் பின்னும் ஓடும்.

வாகனக் கையேட்டுல ரெண்டு எல்லை போட்டிருக்கும், பிறேக் இல்லாத ட்ரெயிலருக்கு ஒண்டு, பிறேக் உள்ளதுக்கு ஒண்டு. பெரும்பாலான ஜீப்புகளுக்கு பிறேக் இல்லாட்டி 750 கிலோதான். இங்க உள்ளூர்ல ஒட்டிச் செய்யுற பெட்டிகள்ல கனக்கதுக்கு பிறேக்கே இல்ல, அதுக்குள்ள அடுப்பு, ஃபிறிட்ஜ், சிங்க் எல்லாம் ஏத்தினா இந்த எல்லையச் சும்மா தாண்டும். இதுக்கு ஓ/டி பட்டன் ஒரு பரிகாரமும் இல்ல.

மறுகா மூக்குப் பாரம், கொக்கியில கரவன் கீழ அமத்துற பாரம். மொத்த நிறையில ஏறத்தாழ 10 சதவீதம். கொக்கிட உயரத்துக்கு ஒரு மரக்கட்டைய குளியலறைத் தராசுல நிப்பாட்டி அதுக்கு மேல மூக்க இறக்கினா தெரிஞ்சிரும், தராசுட எல்லைக்கு மேல போகும் எண்டா அது தாங்காது, கவனம். மூக்குப் பாரம் குறைஞ்சா கரவன் வால் ஆட்டத் தொடங்கும். பாரமான சாமான் எல்லாம் சில்லுக்கு நேர மேல, கீழ்த் தட்டுல இருக்கணும், பின்பக்கம் ஒண்டும் தொங்கவிட வேணாம்.

4. ஒயில், கூலர், காத்து

ஓட்டோ கியர் ஒயில் சரியில்லாட்டி மிச்சமெல்லாம் வீண். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில எஞ்சின் சூடா, ஓடிட்டிருக்கக்குள்ள பார்க்கணும், லிவர எல்லா இடத்துக்கும் ஒருக்கா கொண்டு போய் வந்து பாக்கணும். கடைசியா 'பி'யில வைக்கணுமா 'என்'ல வைக்கணுமா எண்டது கம்பனிக்குக் கம்பனி வேற, கையேட்டப் பாருங்க. சில வண்டிக்கு டிப்ஸ்டிக்கே இல்ல, அது கராஜ்ல லிஃப்ட்ல ஏத்தித்தான்.

நிறம் சிவப்பா, கருகின மணம் இல்லாம இருக்கணும். மண்ணிறமா, கருகின மணம் வந்தா கரவன் கொழுவ வேணாம். பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பா இருந்தா றேடியேட்டர்ட அடித்தாங்கிக்குள்ள இருக்கிற கூலர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து தண்ணி கலந்திருக்கு. கடற்கரைப் பக்கம் நிக்கிற பழைய ஜீப்புகளுக்கு இதுல ஒரு கண் வேணும், வண்டிய அசைக்காம பாஸ (மெக்கானிக்க) வளவுக்குக் கூப்பிடுங்க.

ஒயில்ட வகைய மாத்த வேணாம். டொயோட்டாவுக்கு வண்டிட ஆண்டப் பொறுத்து டெக்ஸ்ரோன், டைப் டி 4, டபிள்யூ.எஸ்., மிட்சுபிஷிக்கு டெக்ஸ்ரோன், எஸ்.பி. 3 எண்டு வேற வேற. 'எல்லாம் சிவப்புத்தானே' எண்டு கடையில இருக்கிறத ஊத்துறவங்க இருக்காங்க.

அடிக்கடி இழுக்கிற ஆள் எண்டா றேடியேட்டருக்கு முன்னால தனியா ஒரு கியர் ஒயில் கூலர் போடுங்க. றேடியேட்டர் கூலர்ல இருந்து கியர்பொக்ஸுக்குத் திரும்பி வாற குழாயில அதக் கொழுவினா நல்லது, கடைசியாக் குளிர்ந்த ஒயில்தான் உள்ளுக்குப் போகும். இருக்கிற கூலரும் றேடியேட்டரும் பூச்சி, வைக்கோல் தூசு, மண் அடைச்சிருந்தா முதல்ல கழுவுங்க. அறுவடைக் காலத்துல வயல் ரோட்டுல ஓடின வண்டிட றேடியேட்டர ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பார்த்தா நான் சொல்றது விளங்கும்.

டயர்க் காத்து, கொக்கிப் பந்து, சங்கிலி, பிறேக் லைட் இதெல்லாம் தெரிஞ்சதுதான், நீட்டல்ல. சங்கிலி ரெண்டையும் குறுக்கா மாத்திக் கொழுவுங்க, மூக்கு கழண்டா அது ரோட்டுல குத்தாம சங்கிலி தாங்கும். போட் ட்ரெயிலர்ட சில்லு பெயாரிங்குக்கு கிறீஸ் அடிங்க, உப்புத் தண்ணி அதத்தான் முதல்ல தின்னும்.

5. வெளிக்கிடக்குள்ள ஓ/டி ஓஃப்

வளவ விட்டு வெளிக்கிட முதலே பட்டன அமத்துங்க, லைட் பத்தணும். கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு ஊருக்குப் பின்னால ஊர். த்ரீவீல் முன்னால நிக்கும், பஸ் நடுவுல நிப்பாட்டும், மாடு குறுக்க வரும். 40, 50ஐத் தாண்ட மாட்டீங்க. அந்த ஸ்பீட்டுல ஓவர்டிரைவ்ட விளிம்புலயே நிப்பீங்க, விட்டு விட்டு அமத்துற ஒவ்வொரு தடவையும் அது ஏறும், விழும். ஓஃப் பண்ணிட்டா 3வதுல அமைதியாப் போகும், காலை எடுத்தா எஞ்சினும் கொஞ்சம் பிடிச்சுத் தரும்.

ஓடிட்டு இருக்கக்குள்ள பட்டன அமத்தலாமா எண்டு கேக்கிறாங்க. தாராளமா அமத்தலாம், நிப்பாட்டத் தேவையில்ல, 'என்'க்குப் போகத் தேவையே இல்ல. 60, 70ல அமத்தினா ஒரு கியர் இறங்கும், அவ்வளவுதான். அக்சிலேட்டரக் கொஞ்சம் தளர்த்திட்டு அமத்தினா குலுக்காது.

6. சமரோட்டுல ஓன் பண்ணலாமா? மூண்டு கேள்வி

அக்கரைப்பற்று தாண்டி திருக்கோவில், கோமாரி, பொத்துவில் எண்டு போற ரோட்டு, இல்லாட்டி வாழைச்சேனை தாண்டி திருகோணமலைப் பக்கம், ரெண்டும் சமமானது. இங்க ஓவர்டிரைவ் போடலாமா எண்டா, முதல் கேள்வி ரோட்டு நிறைய தூரத்துக்கு வெறுமையா இருக்கா, ரெண்டாவது 65க்கு மேல ஒரே ஸ்பீட்டுல போக ஏலுமா, மூண்டாவது காத்து எந்தப் பக்கம்.

மூண்டும் சரி எண்டா பட்டன அமத்தி லைட்ட அணைச்சிட்டு முள்ளப் பாருங்க. ஓவர்டிரைவ் ஏறி, லொக்கப் பிடிச்சு, அக்சிலேட்டர்ல கால் மூண்டில ஒண்டு அளவுலயே நிண்டு, ரெண்டு மூண்டு கிலோமீட்டருக்கு ஒருக்காவும் விழாம போனா அப்படியே விடுங்க. அந்த நிலையில ஓவர்டிரைவ் நல்லதுதான், எஞ்சின் குறைச்சுச் சுத்துது, கன்வேர்ட்டர் பூட்டுப்பட்டு ஒயில் குளிர்ந்து நிக்குது. ஆனா அந்தத் தூரத்துக்குள்ள ரெண்டாந்தரம் கியர் விழுந்தா யோசிக்கத் தேவையில்ல, ஓஃப். 'இந்த மேடு தாண்டட்டும், பிறகு சரியாகும்' எண்டு பார்த்துட்டு இருக்கிறதுதான் கனபேர் விடுற பிழை.

காத்த லேசா நினைக்காதீங்க. கரவன் உயரம், ஜீப்பட கூரைக்கு மேல நிக்கிற முகப்பு முழுக்க காத்தத்தான் தள்ளிட்டுப் போகுது. காத்துத் தடை ஸ்பீட்ட விடக் கெதியாக் கூடும், 50ல இருக்கிறத விட 70ல ஏறத்தாழ ரெண்டு மடங்கு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மேற்கால போகக்குள்ள சமரோட்டே ஏத்தம் மாதிரி இருக்கும், வாடைக் காத்துக்குள்ள வடக்கால போனாலும் அதே கதை. முகத்துக்கு நேர காத்து எண்டா முழு நாளும் ஓஃப். பதிஞ்சு கிடக்கிற போட் ட்ரெயிலருக்கு இவ்வளவு கரச்சல் இல்ல, அதே நிறையில போட்டுக்கு ஓவர்டிரைவ் தாங்கும், கரவனுக்குத் தாங்காது.

குரூஸ் கன்ட்ரோல் இருந்தா அணைச்சு வைங்க. அது ஸ்பீட்ட மட்டும்தான் பார்க்கும், கொஞ்சம் குறைஞ்ச உடன முழுசா அமத்தி கியரத் தள்ளிவிடும். உங்கட கால் 70ல இருந்து 63க்கு இறங்க விட்டுட்டு மேட்ட அமைதியாத் தாண்டும்.

7. ஏத்தம்: மலை தொடங்க முதல் அமத்துங்க

செங்கலடியால திரும்பி கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவ எண்டு போகக்குள்ள ரோட்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். மகியங்கனை தாண்டி ஹசலக்கவுக்கு அங்கால 18 வளைவு வருது. பதுளைக்குப் போறவங்களுக்கு பிபில, லுணுகலை, பசறை. சியம்பலாண்டுவ, மொனராகலைப் பக்கம் அலை அலையா மேடு பள்ளம்.

வேலை செய்யுற ஒழுங்கு இதுதான். மலை கண்ணுக்குத் தெரிஞ்ச உடன, இன்னும் சமரோட்டுல இருக்கக்குள்ளயே ஓ/டி ஓஃப். பி.டபிள்யூ.ஆர். இருந்தா அதயும் அமத்துங்க. மறுகா ஏசியக் குறைங்க, றேடியேட்டருக்கு முன்னால ஒரு சூடு குறையும். அக்சிலேட்டர ஒரே அளவா வச்சுக்கொண்டு ஏறுங்க. 3வதுல முள் 2000க்குக் கீழ வரத் தொடங்கினா, அது தானா விழட்டும் எண்டு பார்த்திட்டு இருக்காம நீங்களே லிவர '2'க்கு எடுங்க. பழைய டீசலுக்கு 2000க்கும் 2800க்கும் இடையில முள் நிண்டா எஞ்சினும் சந்தோசம், தண்ணிப் பம்பும் ஃபேனும் வேகமாச் சுத்துறதால சூடும் வெளிய போகும். எஞ்சின் சத்தத்துக்குப் பயந்து மேல் கியருக்கு விடுறவங்கதான் சூடாக்கி நிக்கிறாங்க.

18 வளைவு மாதிரி கொண்டை ஊசி வளைவுக்கு உள்ள போக முதலே '2'. வளைவுக்குள்ள கியர் மாறினா கரவன் உங்களப் பின்னால இழுக்கிற நேரத்துல ஒரு வெட்டு வெட்டும். பின்னால கரவன்ட சில்லு உங்கட சில்லு போன பாதையில வராது, உள்பக்கமா வெட்டும், அதால அகல எடுங்க, மேல இருந்து பஸ் வந்தா அதுக்கு விட்டுக் குடுத்து வளைவுக்கு வெளியவே நில்லுங்க.

நிக்கக்குள்ள செய்யுற ஒரு பிழை தனியாச் சொல்லணும். ஏத்தத்துல முன்னால லொறி நிண்டா, பிறேக் பிடிக்காம அக்சிலேட்டர லேசா அமத்தி வண்டிய அந்தரத்துல பிடிச்சு வச்சிருப்பாங்க, மனுவல் வண்டியில கிளச்சால பிடிச்ச பழக்கம். ஓட்டோவில எஞ்சின்ட முழுச் சக்தியும் அந்த நேரம் கன்வேர்ட்டர் ஒயிலுக்குள்ள சூடாத்தான் போகுது, சில்லு சுத்தாததால வேற போக்கிடம் இல்ல. ஒயிலச் சூடாக்க இத விடக் கெதியான வழி கிடையாது. கால் பிறேக்கால பிடிங்க. நேரமெடுக்கும் எண்டா கால் பிறேக், மறுகா ஹேண்ட் பிறேக், அது பாரத்தப் பிடிச்சதுக்குப் பிறகுதான் 'பி'. ஒழுங்கு மாறினா முழுப் பாரமும் 'பி'க்குள்ள இருக்கிற சின்னப் பூட்டுல தொங்கும், பிறகு லிவர எடுக்கவே ஏலாது.

பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டிகள்ல காய்ஞ்ச தார் ரோட்டுல 4எச் (ஃபோர் வீல் ஹை) போட்டு ஏற வேணாம். வளைவுல முன் சில்லும் பின் சில்லும் வேற வேற தூரம் போகணும், நடுவுல விட்டுக்குடுக்க ஒண்டும் இல்லாததால ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சில்லுக்குச் சக்தியப் பிரிக்கிற பெட்டி) இறுகும்.

8. இறக்கம்: ஏறின கியர்லயே இறங்குங்க

உச்சிக்கு வந்த உடன 'அப்பாடா' எண்டு ஓவர்டிரைவ ஓன் பண்ணுறது மனுசப் பழக்கம். செய்யாதீங்க. ஓவர்டிரைவ்ல எஞ்சின் பிடிக்கிற பிடி மிகக் குறைவு, முழுப் பாரமும் பிறேக்குக்கு வரும். ஓ/டி ஓஃப் மட்டும் போதாத இறக்கமும் இருக்கு, அதுக்கு '2'.

முதல்ல பிறேக்கால ஸ்பீட்டக் குறைங்க, பிறகு லிவர இறக்குங்க. ஸ்பீட்டாப் போகக்குள்ள எடுத்த எடுப்புல '2'க்குத் தள்ளினா எஞ்சின் அலறும், பின் சில்லு வழுக்கினா கரவன் முந்தப் பார்க்கும். கால விடாம பிறேக்கத் தேய்ச்சுக்கொண்டே இறங்காதீங்க, ஸ்பீட் ஏறினா ஒருக்கா இறுக்கிப் பிடிச்சுக் குறைச்சிட்டு விடுங்க, நடுவுல பிறேக்குக்கு காத்துப் படும். கருகின மணம் வந்தா பிறேக் மங்கப் போகுது எண்டு அர்த்தம், அகலமான இடத்துல நிப்பாட்டி ஆற விடுங்க. 'என்'ல உருட்டுறது டீசல் மிச்சமில்ல, தற்கொலை.

கரவன் வால் ஆட்டினா ஸ்டியரிங்கால பதில் சொல்லப் போகாதீங்க. நேராப் பிடிச்சு, அக்சிலேட்டர மெதுவா விடுங்க, ஜீப்பட பிறேக்கப் பாய்ஞ்சு மிதிக்க வேணாம். கரவனுக்கு எலெக்ட்ரிக் பிறேக் இருந்தா அத மட்டும் கையால அமத்துங்க, பின்னால இருந்து இழுத்து நேராக்கும்.

9. சூட்டு லைட் பத்தினா

'ஏ/டி டெம்ப்' இல்லாட்டி 'ஏ/டி ஒயில் டெம்ப்' எண்டு லைட் வந்தா கியர் ஒயில் சூடு. இடம் பார்த்து நிப்பாட்டுங்க, ஹேண்ட் பிறேக், 'பி', ஏசி ஓஃப். எஞ்சின அணைக்க வேணாம். எஞ்சின் ஓடினாத்தான் கியர்பொக்ஸ் பம்ப் சுத்தும், ஒயில் கூலருக்குப் போய் வரும். அணைச்சா சூடான ஒயில் சூடான இடத்துலயே நிண்டு வேகும். லைட் அணைஞ்சதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் விட்டு, ஓ/டி ஓஃப்ல, முதல் போனத விட மெதுவா வெளிக்கிடுங்க. தண்ணி ஊத்திக் குளிரவைக்கிறது வேணாம்.

ஒண்டு தனி: 'ஓ/டி ஓஃப்' லைட் நிலையாப் பத்தாம மின்னி மின்னிப் பத்தினா அது நீங்க அமத்தின பட்டன் இல்ல. கனக்க டொயோட்டாவில கியர்பொக்ஸ் கம்ப்யூட்டர் பழுது ஒண்டக் கண்டிருக்கு எண்டு சொல்ற முறை அது. கரவனக் கழட்டி வச்சிட்டு ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

10. மணலும் போட் இறக்குற இடமும்

தூரம் குறைவு எண்டாலும் கியர் ஒயில் கூடச் சூடாகிற இடம் மணல்தான், ஏனெண்டா சில்லு மெதுவா, எஞ்சின் வேகமா. மணலுக்குள்ள இறங்க முதல் டயர் காத்த 18, 20 பி.எஸ்.ஐ.க்குக் குறைங்க, 4எல் (ஃபோர் வீல் லோ), லிவர் '2' இல்லாட்டி 'எல்'. 4எச்ல அக்சிலேட்டர அமத்தி அமத்தி வெளிய எடுக்கிறதுக்கும் 4எல்ல ஒரே இழுவையில வாறதுக்கும் ஒயில் சூட்டுல பெரிய வித்தியாசம். புதைஞ்சா டயர் சுத்த விடாம நிப்பாட்டி மண்ண வெட்டுங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் காத்தத் திரும்ப அடிக்காம ஓட வேணாம்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

அடுத்த நாள் டிப்ஸ்டிக்க எடுத்து நிறமும் மணமும் பாருங்க. அடிக்கடி பாரம் இழுக்கிற வண்டிக்கு கியர் ஒயில 40,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்க. அடிப் பிளக்கக் கழட்டினா மொத்த ஒயில்ல பாதிகூட வராது, மிச்சம் கன்வேர்ட்டருக்குள்ள நிக்கும். ஒருக்கா மாத்தி, கொஞ்ச நாள் ஓடிட்டு, திரும்ப ஒருக்கா மாத்தினாத்தான் புது ஒயில்ட பங்கு கூடும். எவ்வளவு வடிஞ்சுதோ அளந்து அவ்வளவுதான் ஊத்தணும், கூட ஊத்தினாலும் நுரைச்சுக் கெடும்.

கரவனக் கழட்டின கையோட ஓவர்டிரைவத் திரும்ப ஓன் பண்ணுங்க, பி.டபிள்யூ.ஆர். சுவிட்சயும் எடுங்க. இத மறந்திட்டு கொழும்புக்கு ஜீப்ப மட்டும் எடுத்துட்டுப் போய் வந்து 'டீசல் அள்ளிக் குடிக்குது' எண்டு இன்ஜெக்டர் கழட்ட கராஜுக்குப் போறவங்க இருக்காங்க. பாஸ் ஸ்பேனர எடுக்க முதல் அந்த லைட் பத்துதா எண்டு ஒருக்கா பாருங்க.